கச்சான் விதி

முதல் பிரதியை வடிவாகச் செய்யாதே.
இதை எனக்கே எழுதி வைக்கிறேன்,
அடுத்த ஆட்டம் தொடங்கும் இரவில்
எப்படியும் மறந்துவிடுவேன்.
பிஸ்கட் பெட்டியின் பின்பக்கம் போதும்.
கோடுகளை அடிமட்டம் இல்லாமல் கீறு.
பலகை வடிவாக இருந்தால்
யாருக்கும் பிழை சொல்ல மனம் வராது,
எனக்கும் வெட்ட மனம் வராது.
உட்துறைமுக வீதி அச்சகத்தில்
மினுக்குத்தாளில் அடித்த நான்காம் பிரதிக்குச்
சம்பளத்தில் பாதி போனது.
அதில் நான் செய்த திருத்தம்
ஓர் எழுத்துப்பிழை.

காய்களுக்குக் கச்சான் கொட்டை வைக்காதே.
மூன்றாம் சுற்றில் ஜெனோசன்
தன் படகுகள் இரண்டைத் தின்றுவிட்டு
"தாண்டுபோச்சு" என்றான்.

ஆட்டம் இதுதான்:
ஆளுக்கு மூன்று படகு, ஒரு குடா,
விடியுமுன் ஏலத்துக்கு மீன் வரவேண்டும்.
முந்தி வந்தவருக்கு விலை,
பிந்தி வந்தவருக்கு ஐஸ் செலவு.
இவ்வளவையும் ஒரு மூச்சில் சொல்ல
எனக்கு ஏழு மாதம் பிடித்தது.
அதற்கு முதல் யார் கேட்டாலும்
காற்றிலிருந்து தொடங்குவேன்.

கச்சான் விதி என்று ஒன்று வைத்திருந்தேன்.
பதினெட்டு அட்டை.
மேற்கிலிருந்து சுடுகாற்றுப் புறப்பட்டால்
படகுகள் வெளிக்கடலுக்கு ஒதுங்கும்.
எத்தனை கட்டம் என்பதற்கு ஓர் அட்டவணை,
அட்டவணைக்கு ஒரு விதிவிலக்கு,
விதிவிலக்குக்கு நான்.
"பெட்டிக்குள்ள உன்னையும் வச்சு விக்கப்போறியா?"
என்று கேட்டாள் நுஸ்கியா.
மருந்துக்கடையில் நாள் முழுக்க
வைத்தியர்களின் கிறுக்கலை வாசிப்பவள்,
என் விதித்தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டுத்
திருப்பித் தந்தாள்.

விளையாடுகிறவர்களின் முகத்தைப் பார்க்காதே.
முகம் நட்புக்காகச் சிரிக்கும்.
கையைப் பார்.
தன் முறை வருமுன்னே காய்க்கு நீளும் கை
நல்ல செய்தி.
கைபேசிக்கு நீண்டால்
எத்தனையாம் நிமிடம் என்று குறித்துக்கொள்.
லஹிருவின் கை பத்தொன்பதில் போனது.
மூன்று படகும் போனபின்
அவனுக்குச் செய்ய ஒன்றுமில்லை.
மிச்ச நேரம் எங்களுக்குத் தேநீர் எடுத்து வந்தான்.
இப்போது படகில்லாதவர்தான் ஏலம் கூறுகிறார்.
போன கிழமை லஹிரு
வேண்டுமென்றே தோற்றான்.
அது இன்னொரு பிழை. பிறகு பார்க்கலாம்.

ஒரு போயா நாள் டச்பே கடற்கரையில்
பாய் விரித்திருந்தோம்.
புள்ளிமான் ஒன்று,
வரி கட்டுகிற ஊர்க்காரரைப்போல நடந்துவந்து,
நேரே அட்டைக்கட்டில் வாய் வைத்தது.
எழும்பித் துரத்துமுன்
பதினேழு காற்று உள்ளே போயிற்று.
நுஸ்கியா சிரித்துச் சிரித்து இருமினாள்.
நான் பெட்டியை மூடப்போனேன்.
"காத்தில்லாமல் ஒருக்கா விளையாடுவம்"
என்றான் ஜெனோசன்.

நாற்பது நிமிடம்.
ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
ஏலத்தில் சண்டை வந்தது, நல்ல சண்டை.
பக்கத்துப் பாயிலிருந்து ஒரு குடும்பம் எழும்பி வந்து
எந்தப் படகு முந்தியதென்று கட்சி பிரிந்தது.
முடிந்ததும் லஹிரு, யாரும் சொல்லாமலே,
காய்களை மறுபடி அடுக்கினான்.
பாராட்டு இப்படித்தான் வரும்.
வேறு மாதிரி வந்தால் நம்பாதே.

அட்டையில் பசை இருந்ததே என்று
மறுநாள் காலை அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன்.
எது என் மான் என்று தெரியவில்லை.
எல்லாம் ஒரே மாதிரி நின்று
மென்றுகொண்டிருந்தன.

மிஞ்சிய பதினெட்டாவது அட்டை
மூலையில் பல்லடையாளத்தோடு
என் கைப்பைக்குள் கிடக்கிறது.
வெட்டியதை எறியாதே,
வேறோர் ஆட்டத்துக்கு உதவும் என்று
எழுதத்தான் பேனை எடுத்தேன்.
உண்மை அதல்ல.
நேற்றிரவும் மின்சாரம் போன நேரம்
அதை வெளியே எடுத்து,
ஒரேயொரு காற்று, ஒரேயொரு தரம்,
ஏலத்துக்குச் சற்று முதல்
எங்கேயாவது வீசவிடலாமா என்று
மெழுகுதிரி வெளிச்சத்தில்
பலகைமேல் வைத்து வைத்துப் பார்த்தேன்.